தமிழில் கேட்டால் ஏன் ஆங்கிலத்தில் பதில் வருகிறது?

கேள்வி
2024 பிப்ரவரி 4

என் கணவர் பஞ்சாபி. கோயம்புத்தூருக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. தமிழ் நன்றாகவே பேசுவார், ழ மட்டும் சொதப்பும். காய்கறிக் கடையில் “அண்ணா, அரைக் கிலோ வெண்டைக்காய் எவ்வளவு?” என்று கேட்கிறார். “ட்வென்ட்டி ருபீஸ் சார்” என்று பதில் வருகிறது. மறுபடி தமிழில் கேட்டால் மறுபடி ஆங்கிலம். பக்கத்தில் நான் நின்றால் என்னைப் பார்த்துத் தமிழில் சொல்கிறார்கள். இது மரியாதையா, இல்லை ‘உனக்கெதுக்கு இந்த வேலை’ என்பதா? போன மாதம் ஒரு வெள்ளைக்காரப் பெண் வீடியோவில் பத்து வார்த்தை தமிழ் பேசியதற்கு அத்தனை பேர் உருகியிருந்தார்கள். அவரிடம் காட்டினேன். “நான் தப்பான கலர்ல பொறந்துட்டேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பதில்
பிப்ரவரி 4, இரவு 9.40

மரியாதைதான், சந்தேகமே வேண்டாம். வெளியூர் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறார்கள். அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்த ஆங்கிலமே எண்களும் ‘சாரும்’தான். இருப்பதை எடுத்துப் போடுகிறார், வந்தவருக்கு நாற்காலி போடுகிற மாதிரி.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் 22 வருஷமாக இருக்கிறேன், இப்போது லைன் சூப்பர்வைசர். வடக்கிலிருந்து வந்த பசங்களிடம் நானே தினமும் “கானா காயா?” என்றுதான் கேட்பேன். “சாப்ட்டாச்சுங்க்கா” என்பார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பிப்ரவரி 4, இரவு 9.55

அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன், அதற்குள் உறுத்திவிட்டது. நாற்காலிக் கதையெல்லாம் சரி. ஆனால் உங்கள் கணவர் ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்றே. உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தால் ‘இதிலிருந்து எழுந்திரு’ என்றுதானே அர்த்தமாகிறது. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

நீங்கள் சொன்ன வீடியோ மாதிரி எங்கள் கம்பெனியிலேயே ஒன்று நடந்தது. ஐந்தாறு வருஷம் முன்பு ஆடிட்டுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வாசலில் கைகூப்பி “வனகம், சௌகியமா” என்றார். ணவும் இல்லை, க்கவும் இல்லை. ஆனால் கைதட்டல் செக்கிங் டேபிளில் ஆரம்பித்துப் பேக்கிங் வரைக்கும் போயிற்று. முதலாளி ஓடிப்போய் இளநீர் சொன்னார். அடுத்த ஒரு மாதம் வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அதே அம்மா லைனுக்குள் வந்து, தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று தொழிலாளியையே நேராகக் கேட்டார். விரல் நீட்டியது ஒரு பேட்லாக் டெய்லரை, ‘ப்ளாட்லாக்’ தையல் மெஷின் ஓட்டுகிறவனை. பீகார் பையன், வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அவன் எழுந்து நின்று சொன்னான்: “மணி அடிக்கும்ங்க. மெஷின ஆப் பண்ணிட்டு அந்தச் செகப்பு அம்புக்குறிப் பக்கமா போகணும்ங்க. கீழ பேப்பமரத்துக்கிட்ட நிக்கணும்ங்க, தலைய எண்ணுவாங்க.” ஒரு படி விடாமல் சொல்லிவிட்டான். எங்களில் பாதிப் பேருக்கு அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது.

ஒருவரும் கைதட்டவில்லை. வேப்பமரம் ‘பேப்பமரம்’ ஆனதற்குத்தான் லைன் முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஒரு வாரம் அவனுக்குப் பேப்பமரம் என்றே பேர்.

பிப்ரவரி 6

அவன் பேச்சில் எப்படி அத்தனை ‘ங்க’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லிக்கொடுத்தது எங்கள் கட்டிங் மாஸ்டர், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். புத்தகத் தமிழ் அவன் வாயில் வரவே வராது. நேராகக் கொங்குத் தமிழ்தான். மாஸ்டர் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற சின்னப் பெண்களை “அம்மிணி, சித்த நகரு” என்பார். பொம்பளைகளை எல்லாம் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று இவன் எடுத்துக்கொண்டான். வந்த புதிதில் ஒருநாள் என்னிடம் வந்து “ஏனுங் அம்மிணி, சித்த நகருங்க” என்றான். எனக்கு அப்போது 44 வயது. அன்றைக்கு முழுக்க உற்பத்தி சரியில்லை.

இந்தச் சிரிப்பு வேறு, பேப்பமரத்துச் சிரிப்பு வேறு. அம்மிணிக்குச் சிரித்தபோது அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை ஆனான்.

பிப்ரவரி 7

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஷிப்மென்ட் வாரம். வெள்ளை டீ-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வந்து “அக்கா, மெஷின் ஒலுகுது” என்றான். என் காதில் ‘உலுக்குது’ என்று விழுந்தது. மெஷின் ஆடினால் கால் அடியில் அட்டையை மடித்து வைத்து ஓட்டுவோம். “அட்டை வெச்சு ஓட்டு கண்ணு” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தான். “அட்டை வெச்சாச்சுங்க, இன்னும் ஒலுகுது.” மெக்கானிக் வரட்டும் என்று அனுப்பிவிட்டேன். ஒரு நடை எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

சாயங்காலம் செக்கிங்கில் பிடித்தார்கள். 400 பீஸில் எண்ணெய்க் கறை. உலுக்கவில்லை, ஒழுகியிருக்கிறது. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து கறை எடுத்தோம். முதலாளி கேட்டதற்கு, “அவனுக்கு ழ வராதுங்க, சொன்னது புரியல” என்றேன். அதோடு முடிந்தது. அவனை யாரும் திட்டவில்லை, சம்பளத்திலும் கைவைக்கவில்லை. பழியை ழ ஏற்றுக்கொண்டது.

பிப்ரவரி 7, மதியம்

திருத்தம். பழைய நோட்டைப் பார்த்தேன். 400 இல்லை, 140. சொல்லச் சொல்லப் பீஸ் கூடிக்கொண்டே போகிறது.

பிப்ரவரி 10

யோசித்ததில் எனக்குக் கிடைத்தது இது. நம் எல்லார் மனசிலும் ஒரு பற்றுவரவு நோட்டு இருக்கிறது. தமிழுக்கு யார் எவ்வளவு பாக்கி என்று அதில் எழுதி வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரருக்குப் பாக்கியே கிடையாது. அவர் கொடுக்கிற ஒரு ரூபாயும் மொய், மைக்கில் பேர் வாசிக்கிறோம். வேலைக்கு வந்தவன் இங்கே சம்பளம் வாங்குகிறான், அதனால் அவன் பேசுகிற தமிழ் தவணை. ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். ஒரு ரூபாய் குறைந்தால்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

மூன்றாவது ஒரு ஆள் உண்டு, அசலையே தொலைத்தவன். என் தங்கை மகன் கனடாவில், ஸ்கார்பரோவில் பிறந்தவன். பதினாலு வயசில் ஒரு கல்யாணத்துக்கு வந்தான். மண்டபம் நிறைய ஒறம்பரை, சொந்தக்காரர்கள். “பெரியம்மா, எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்” என்றான். இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. ட கொஞ்சம் நுனிநாக்கில், ர கொஞ்சம் வழவழ. அவ்வளவுதான். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், “ஏன் கண்ணு, உங்கம்மா தமிழ் சொல்லித் தரலையா?” என்று கேட்டார். அவன் தமிழில் தண்ணீர் கேட்டதற்குத்தான் இந்தக் கேள்வி. மிச்சம் பத்து நாளும் பையன் ஆங்கிலம்தான். அதற்கும் திட்டு வாங்கினான்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வந்தால், கடைக்காரரால் அவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று முடிவு பண்ண முடியவில்லை என்று நினைக்கிறேன். சட்டை, செருப்பைப் பார்த்தால் மொய்ப் பக்கம், முகத்தைப் பார்த்தால் தவணைப் பக்கம். ஆங்கிலத்தில் பேசிவிட்டால் நோட்டையே திறக்க வேண்டாம்.

பிப்ரவரி 10, இரவு

‘அப்படியானால் மலையாளி டீக்கடை? அவர்களை யாரும் கேலி பண்ணுவதில்லையே’ என்று ஒருவர். பண்ணுகிறோம், அவர்கள் ராகத்தை இழுத்துக் காட்டாதவர் யார்? ஆனால் டீ நன்றாக இருப்பதால் அது தங்குவதில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு, சில வீட்டில் கன்னடம். அவர்கள் தமிழைக் கேட்டு வீடு எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பல தலைமுறைக்கு முன்பு அவர்கள் தாத்தாக்களைப் பார்த்து இந்தத் தெரு சிரித்துத்தான் இருக்கும்.

பிப்ரவரி 11

ஒருவர் தனியாக எழுதியிருந்தார்: ‘ஜெர்மன் ஆடிட்டர் “வந்தார், கேட்டார்”. தொழிலாளி “வந்தான், சொன்னான்”. கவனித்தீர்களா?’

பாசத்தில் வருகிற ‘அவன்’ அது. நேரில் கண்ணு என்றுதான் கூப்பிடுவேன்.

பிப்ரவரி 11, இன்னொன்று

பாசம் சரி, அந்த ஆளுக்கு இப்போது முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள். எங்கள் மெக்கானிக்கும் அதே வயசுதான், அவரை நான் அவர் என்றுதான் எழுதுவேன். இனி அவர்.

பிப்ரவரி 13

சென்னை போயிருந்தேன். கடற்கரையில் நடந்தபோது இந்த விவாதம்தான் மண்டையில் ஓடியது. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டுக்காக மெரினாவில் வைத்த சிலைகளில் மூன்று பேர் ஐரோப்பியர்: வீரமாமுனிவர், கால்டுவெல், போப். வீரமாமுனிவர் இத்தாலியர். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் எழுத்தில் இன்றைக்கு நாம் பிரித்துக் காட்டுவது அவர் செய்த சீர்திருத்தம் என்பார்கள். பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் தனி இலக்கணமே எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னால், 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் ஸீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். அந்தப் பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருக்கும்?

அவர்களைக் கொண்டாடக் கூடாது என்று சொல்லவில்லை. சிலைக்கு உச்சரிப்பு கிடையாது, அவ்வளவுதான். எங்கள் பேட்லாக்காரருக்கு அந்த வசதி இல்லை.

இன்னும் பழசு ஒன்று. முல்லைப்பாட்டில் பாசறைக்குள் அரசனுக்குக் காவல் நிற்கிற மிலேச்சர்கள் வருகிறார்கள். நாக்கால் பேசாமல் உடம்பால் பேசுகிறவர்கள் என்று புலவர் அவர்களைச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஊமைகள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களும் வெளியூர் வேலைக்கு வந்தவர்கள்தான். வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்குமோ என்னவோ.

பிப்ரவரி 14

ழவுக்கு வக்காலத்து வாங்கி நீளமாக எழுதியிருக்கிறவருக்கு: ழ நம் அடையாளம் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மதுரைப் பக்கம் வாளப்பளம், வடக்கே போனால் வாயப்பயம். நம் ஆட்கள் சொன்னால் அது வட்டார வழக்கு, வெளியாள் சொன்னால் கொலை. பழைய நாடகத்திலும் சினிமாவிலும் வட்டிக்கடைச் சேட்டு வந்தாலே ‘நம்பள்கி, நிம்பள்கி’தான். மார்வாரியில் ள உண்டு, மராத்தியில் உண்டு, பஞ்சாபியிலும் உண்டு. உங்கள் கணவர் ‘பள்ளி’யைச் சுத்தமாகத்தானே சொல்கிறார்? நம் சின்னத்திரைக்காரர்கள் பலரிடம் எனக்கு அது கிடைப்பதில்லை.

பிப்ரவரி 18

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன்.

ஈரோடு மாவட்டத்து இலங்கை அகதி முகாம் ஒன்றிலிருந்து எங்கள் கம்பெனிக்கு ஒரு அக்கா வேலைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. முதல் நாளே எல்லாரும் “கேரளாவுங்களா?” என்று கேட்டார்கள். “இல்லை, தமிழ்தான்” என்று சொல்லிச் சொல்லி ஒரு மாதத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. ‘காற்று’ என்பதில் வருகிற ற்றவை அவர் சொல்கிற விதம் எங்களுக்கு மலையாளமாகக் கேட்டது. உண்மையில் அதுதான் பழைய உச்சரிப்பு. நாம் ‘காத்து’ என்று மாற்றிக்கொண்டோம், அவர்கள் மாற்றவில்லை. பழசைக் கைவிடாதவரைப் பார்த்து, நீ எந்த ஊர் என்று கேட்டிருக்கிறோம்.

அவரிடம் ஒருநாள் பேப்பமரத்துக் கதையைச் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. சிரிக்கவில்லை. அவர் அப்பா 1983-இல் கொழும்பில் வேலையில் இருந்தவர். அந்த ஜூலைக் கலவரத்தில் கும்பல் வண்டிகளை மறித்து, ஆள் தமிழனா என்று பார்க்க, சிங்களத்தில் வாளிக்கு இருக்கிற சொல்லைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்களாம். பால்திய. முதலில் வருவது நம் ‘பாட்டு’ப் பா இல்லை, தொண்டையை அதிர வைத்துச் சொல்கிற பா. தமிழ் வாய்க்கு அந்த இடத்தில் தடுக்கும். தப்பி வந்த வேறு பலரும் இதே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அப்பாவுக்கு வந்துவிட்டது, சின்ன வயசிலிருந்தே சிங்களப் பிள்ளைகளோடு விளையாடியவர். கூட இருந்தவர் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பைபிளிலும் இதே கதை இருக்கிறது, நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில். தோற்றுத் தப்பி வருகிறவர்களை யோர்தான் ஆற்றுத் துறையில் நிறுத்தி ‘ஷிபோலேத்’ சொல்லச் சொல்கிறார்கள். ‘சிபோலேத்’ என்றவர்களை வெட்டுகிறார்கள். 42,000 பேர் செத்ததாக எழுதியிருக்கிறது.

பிப்ரவரி 19

அந்தத் துறையில் எங்கள் ஊர் மொத்தமும் போயிருக்கும். உலகத்துக்கே டீ-ஷர்ட் தைத்து அனுப்புகிறோம், அதை ‘டீசர்ட்டு’ என்கிறோம்.

பிப்ரவரி 25

ஞாயிற்றுக்கிழமை. பேட்லாக்காரருக்குப் போன் போட்டேன். மூன்று வருஷம் முன்பே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அங்கே இப்போது அவரும் சூப்பர்வைசர். “ஏனுங்க்கா, சௌக்கியங்களா, பசங்க என்ன பண்றாங்க” என்று குரல் வந்தது. யாரோ கோபிப் பக்கத்துச் சொந்தக்காரர் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். முகம் தெரியாததால் வந்த நினைப்பு.

இந்த விவாதத்தைச் சொன்னேன். உங்களைப் பீகார் பையன் என்று எழுதியிருக்கிறேன் என்றதும், “நான் பீகார் இல்லீங்களே” என்றார்.

ஒடிசாவாம். கஞ்சாம் மாவட்டம், பிரம்மபூர் பக்கம். அத்தனை வருஷம் ஒரே லைனில் வேலை பார்த்திருக்கிறேன். ஆதார் நகலில் ஊர் பேர் இருந்திருக்கும், பார்த்ததில்லை. வடக்கிலிருந்து வந்தால் பீகார், எங்கள் ஊர்க் கணக்கு அதுதான். கஞ்சாம் 1936 வரைக்கும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அவர் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே மாகாணத்துக்காரர்கள்.

“அப்போ என் இந்தி?” என்று கேட்டேன். “அது எனக்கும் சரியா வராதுங்க்கா. திருப்பூர் வந்து ரூம்ல பசங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். நீங்க கானா காயா கேப்பீங்க, நான் தமிழ்ல சொல்லுவேன், நீங்க மறுபடி இந்தில கேப்பீங்க. சரி, அக்காவுக்கு இந்தி பேச ஆசை போலன்னு விட்டுட்டேன்.”

மரியாதை என்று முதல் நாள் எழுதினேனே, அதை எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி 25, ராத்திரி

முக்கியமானதை விட்டுவிட்டேன். அதே போனில், எண்ணெய் விஷயத்தை நினைவுபடுத்தி அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னேன்.

“ஒளுகுது” என்றார்.

திரும்பக் கேட்டேன். ஒளுகுது. நாக்கை நன்றாக மடித்து, நல்ல ள. ஒடியாவில் ளவும் உண்டு, ணவும் உண்டு. ‘வ’தான் தகராறு, வங்காளம் மாதிரி அங்கேயும் அது ப பக்கம் சாய்ந்துவிடும். பேப்பமரம் வந்தது அதனால்தான். ‘கீழ’ என்று அன்றைக்கு ஆடிட்டர் முன்னால் சொன்னதும் ‘கீள’ என்றுதான் இருந்திருக்கும். நான் மேலே எழுதும்போது என் கை ழ போட்டுவிட்டது, என் கதையில் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

‘ஒலுகுது’ என்று நான் எழுதினேனே, அது அவர் வாயில் வந்த சொல்லே இல்லை. எங்கள் மெக்கானிக் மதுரைக்காரர். வாரத்துக்கு இரண்டு தடவை “எண்ணெ ஒளுகுது” என்று சொல்கிறவர். ஒருநாளும் எனக்கு அது உலுக்குது என்று கேட்டதில்லை. அதே ள, அதே மெஷின்.

பிப்ரவரி 26

ஒரு சந்தேகம் எனக்கே வருகிறது. இத்தனை வருஷத்தில் அவர் நாக்கு பழகியிருக்கலாம், அன்றைக்கு ஒருவேளை லதான் சொன்னாரோ? ஒடியாக்காரர் ளவைக் கற்றுக்கொள்ள இங்கே வர வேண்டியதில்லை என்று நேற்றே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. இருந்தும் மனசு அந்த லவை விட மாட்டேன் என்கிறது. அது போய்விட்டால் 140 பீஸும் என் கணக்கில் வந்துவிடும்.

என் மகள் ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொன்னாள். 1992-இல் அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் என்ற பேராசிரியர் செய்தது. ஒரே பெண்ணின் குரலில் பதிவு செய்த ஒரே பாடம், அந்தப் பெண் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர். கல்லூரி மாணவர்களில் சிலருக்கு வெள்ளைக்காரப் பெண் படத்தைக் காட்டிப் பாடத்தைப் போட்டார்கள், மற்றவர்களுக்கு ஆசியப் பெண் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்குப் பாடம் குறைவாகத்தான் ஏறியது. அந்தக் குரலில் இல்லாத அந்நிய உச்சரிப்பும் கேட்டதாம்.

“உங்க கதைதாம்மா” என்றாள். அந்த மாணவர்கள் ஒரு பாடத்தைத் தவறவிட்டார்கள், எனக்குக் கறை எடுக்கிற வேலையாவது மிஞ்சியது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 27

கடன் நோட்டுக் கதை முழுக்கத் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் காது ஒழுங்காகக் கேட்டு முடித்த பிறகுதான் மனசு பற்றுவரவு எழுதுகிறது என்று நினைத்தேன். நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் காதே கேட்க ஆரம்பிக்கிறது போல.

மார்ச் 3

கேள்வி கேட்டவருக்கு உருப்படியாக ஒன்று சொல்ல வேண்டும். பேட்லாக்காரரிடமே யோசனை கேட்டேன். “சார்கிட்ட, கடையில மொதல்ல வெல கேக்க வேண்டாம்னு சொல்லுங்க. ‘என்னங்ணா, இன்னிக்கு வெயில் இப்பிடி அடிக்குது’ன்னு ஆரம்பிக்கணும்ங்க. வெயிலுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்ல அவங்களுக்கு வராது” என்றார். செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

போன வருஷம் மார்ச் பற்றியும் கேட்டேன். வடமாநிலத் தொழிலாளிகளை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ஸ்டேஷன் நிறைய ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்களே, அந்த வாரம். ஹோலிக்குப் போகிறவர்கள் பாதி, பயந்து போகிறவர்கள் பாதி. அது பொய் என்று அவருக்குத் தெரியும், அவர் கிளம்பவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற இடத்தைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டும். அது வ-வில் ஆரம்பிக்கிற ஊர். ஒரு வாரம் நடந்தே போய் வந்தாராம். ஆறு கிலோமீட்டர்.

எனக்கு அந்தப் பாசறைக் காவல்காரர்கள் ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

போனை வைக்கும் முன்பு அவரே சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னார். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவர் அம்மாவோடு ஒடியாவில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மருமகளைப் பார்த்து, “இவன் என்ன, வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் மூக்கால் எதையோ இழுக்கிறான்?” என்று கேட்டாராம்.